இடைவேளைக்கு எழுந்து வராதவர்

புரொஜெக்டர் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மெஷினைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். டிஜிட்டல் மெஷின் வந்தபோது எந்தப் பொத்தான் எதற்கு என்று சுவரில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். அந்த எழுத்து இன்னும் அங்கே இருக்கும். அதில் இரண்டு தப்பு உண்டு. அழித்துவிடுங்கள்.

நான் சொல்ல வருவது இடைவேளையைப் பற்றி.

தமிழ்ப் படத்தில் இடைவேளை எங்கே என்று எடுத்தவர்களே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இந்திப் படத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். தமிழ் பேச வைத்து வருகிற வெளிநாட்டுப் படங்களில்தான் அது கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் நடுவில் எழுந்து போக மாட்டார்களாம். அந்தப் படங்களுக்கு இடைவேளை எங்கே என்று முடிவு செய்வது உங்கள் அறையில் உட்கார்ந்திருப்பவர்தான். சின்ன வேலை போலத் தெரியும். அப்படி நினைத்துத்தான் நானும் மாட்டிக்கொண்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். அமராவதி நகர்ப் பக்கம் பிறந்தேன். வீட்டில் ஆள் அதிகம், சோறு குறைவு, கிளம்பிவிட்டேன். சோமனூரில் தறிக்கு நூல் மூட்டை சுமந்தேன். லாரியில் கிளீனராக ஆந்திரா வரை போய் வந்தேன். சாயப்பட்டறையில் இருந்தபோது இரண்டு கையிலும் தோல் உரிந்தது. ஆறியதும் வேறு வேலை தேடினேன். எந்த இடத்திலும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. முதலிபாளையம் போகிற வழியில் இருக்கும் இந்தத் தியேட்டருக்கு டிக்கெட் கிழிக்க வந்தபோதும் மழைக்காலம் முடிகிற வரைக்கும்தான் என்று நினைத்தேன். ஆனால் இங்கே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேறு ஊரும் வேறு ஆட்களும் திரையில் வந்து இறங்கிவிடுகிறார்கள். நான் எங்கும் போகத் தேவையில்லாமல் போய்விட்டது. டிக்கெட் கிழிப்பதிலிருந்து மெல்ல மெஷின் அறைக்கும் ஏறிவிட்டேன்.

மாட்டிக்கொண்டது ஒரு பாம்புப் படத்தில். ஒரு பெரிய பாம்பு ஊரையே விழுங்குகிற கதை. மொத்த நேரத்தை இரண்டால் வகுத்தேன். சரிபாதி வந்த இடத்தில் இடைவேளைக் கார்டைப் போட்டு, ஹாலில் விளக்கையும் போட்டேன். உடைந்த பாலத்தில் ஒரு சிறுமி தொங்குகிறாள், அம்மா கையை நீட்டுகிறாள், விரலும் விரலும் தொடப்போகிறது. அந்த இடத்தில் இடைவேளை.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. விசில் அடித்தார்கள். சீட்டை டமடமவென்று தட்டினார்கள். பயந்துபோய் விளக்கை அணைத்துப் படத்தைத் திரும்ப ஓட்டிவிட்டேன். பிறகு இடைவேளை விடத் தைரியம் வரவில்லை. படம் ஒரே மூச்சில் முடிந்தது. கேண்டீன் நடத்துகிற பாய் மேலே ஏறி வந்து வாசலில் நின்றார்.

"ஏனுங்ணா, எம்பட பப்ஸு மேல அப்படி என்ன கோவம் உங்களுக்கு? அத்தனையும் ஆறிப் போச்சுங்க."

கீழே இறங்கியபோது பின்வரிசையில் பிலோமினா இன்னும் உட்கார்ந்திருந்தார். கூட்டம் போன பிறகுதான் எப்போதும் கிளம்புவார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர், ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை. தைத்து வருகிற பனியனில் ஓட்டை, தையல் விட்டது எல்லாம் பார்த்துத் தனியே எடுத்து வைக்கிற வேலை. துணியைக் கையில் எடுத்ததுமே எங்கே ஓட்டை என்று விரலுக்குத் தெரிந்துவிடும் என்பார். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் மெலிந்தவை. இரண்டு ஊன்றுகோல், வெளியே மூன்று சக்கர ஸ்கூட்டி. ஞாயிற்றுக்கிழமை எந்தப் படம் ஓடினாலும், எந்த மொழியானாலும் வந்துவிடுவார்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ள கை நழுவுதுல்லா, அப்பவா லைட்டப் போடுவிய?"

"சரிபாதிங்க அம்மிணி. கணக்குப் பாத்துத்தான் வெச்சேன்."

"கதைக்கு ஏது சரிபாதி. மூச்சப் புடிச்சிட்டு இருக்கவன் டீ குடிக்கப் போவானா? அம்மாக்காரி பிள்ளைய மேல இழுத்துருதா. எல்லாரும் மூச்ச விடுதாவ. ரெண்டு நிமிசம் கழிச்சுப் பாலத்துக்கு அடியில ஒரு குட்டிப் பாம்பக் காட்டுதான், பாத்தியளா? அங்க வைக்கணும். ஆகா, இன்னொண்ணு இருக்குன்னு பேசிக்கிட்டே டீ குடிக்கலாம்லா. கையில ஒரு கேள்வியக் குடுத்து அனுப்பணும் அண்ணாச்சி."

மறுநாள் குட்டிப் பாம்பில் வைத்தேன். இரண்டே நிமிடத்தில் ஹால் காலி. பாய் எனக்கு ஒரு பப்ஸ் கொடுத்து அனுப்பினார்.

அந்த வாரத்திலிருந்து வெளிநாட்டுப் படம் என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் கதையைச் சொல்லி, அவரிடம் கேட்டுத்தான் இடைவேளை வைத்தேன். அவர் மட்டும் இடைவேளைக்கு எழுந்து வந்ததே இல்லை. இதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். ஹாலுக்கு இரண்டு பக்கமும் கதவு. இடது பக்கத்துக் கதவு சந்து மட்டத்தில் இருந்தது, படி கிடையாது. அதனால் அவர் அந்தக் கதவை ஒட்டிய சீட்டில்தான் உட்காருவார். கேண்டீன், பாத்ரூம், வண்டி நிறுத்துகிற கிரவுண்ட் எல்லாம் வலது பக்கம், ஏழு படி கீழே. பத்து நிமிட இடைவேளையில் அவர் போய்த் திரும்ப முடியாது. பாய்தான் டீயைச் சீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

படம் போடுவதற்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் பேசுவது எல்லாம் கதையைப் பற்றித்தான். ஒரே மாதிரி சமாச்சாரங்கள் எல்லாப் படத்திலும் வருகின்றனவே, அவற்றில் எது யாருக்குப் பிடிக்கும் என்று.

"எனக்கு டூயட்டுதானுங்க," என்றார் பாய். "ரெண்டு பேரும் பனி மலையில ஓட ஆரம்பிச்சா நம்ம ஆளுங்க டீக்கு ஓடி வருவாங்க."

"எனக்கு அடையாளம்," என்றார் பிலோமினா. "மச்சமோ மோதிரமோ பாதி போட்டோவோ ஏதோ ஒண்ணு. தொலஞ்சு போனவங்களக் கண்டுபிடிக்க ஒரு சாமான்."

"அது ரொம்பப் பழசுங்களே அம்மிணி."

"பழசுன்னா என்ன? சினிமாவுல ஒரு சாமானக் காட்டுனா மறக்க மாட்டாவ. கடைசியில எடுத்துக் குடுத்துருவாவ. எங்க டேபிள்ல போன மாசம் தொலஞ்ச கத்திரிய இன்னும் எவரும் தேடல."

சீரியலில் வருகிற ஒட்டுக் கேட்கும் காட்சியைப் பற்றி அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஒட்டுக் கேக்கவ எப்பவும் பாதியக் கேட்டுட்டுப் போயிருவா. இன்னும் ஒரு நிமிசம் நின்னா முழுசும் தெரிஞ்சிரும், சீரியல் முடிஞ்சிரும். அதான் நிக்க மாட்டா. பொய்ன்னு சொல்லாதிய. எங்க கம்பெனியில சூப்பர்வைசர் 'உடனே நிறுத்தணும்'னு சொன்னதக் கேட்டு ஒருத்தி, தன்னைத்தான் வேலைய விட்டு நிறுத்தப் போறாவன்னு மத்தியானம் முழுக்க அழுதா. அவர் நிறுத்தச் சொன்னது ஃபேன."

எனக்குப் பிடித்ததைக் கேட்டார்கள். பல வருடம் முன்னால் வீட்டை விட்டுப் போனவன் ஒரு பையோடு வாசலில் வந்து நிற்பான். உள்ளே இருந்து ஒரு குரல், ஏன் போனாய் என்று கேட்காமல், சாப்பிட்டாயா என்று கேட்கும். அது.

"நீங்க போய் நின்னியளா?" என்றார் பிலோமினா.

"நின்னேனுங்க. ஊட்டுல வேற குடும்பம் குடியிருந்துச்சு."

"பொறவு?"

"அவிய சாப்புட்டீங்களான்னு கேட்டாங்க. சாப்புட்டுட்டு வந்தேன்."

விளக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிறு மத்தியானக் காட்சி வடநாட்டுத் தொழிலாளர்களுக்காக இந்திப் படம். ஒரு படத்தில் ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வருகிறது. மகன் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறான். போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அங்கே இடைவேளை. கார்டு வந்ததும் வழக்கம்போல் எல்லா விளக்கையும் ஒன்றாகப் போட்டேன். ஹால் முழுக்க ஆண்கள், அத்தனை முகமும் நனைந்திருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். ஒருவன் எழுந்து என் ஜன்னலைப் பார்த்துக் கத்தினான். எனக்கு இந்தி பத்து வார்த்தைக்கு மேல் வராது. பாய்க்கு நன்றாகத் தெரியும், இறங்கிப் போய் அவரிடம் கேட்டேன்.

"என்ன சொல்றானுங்க?"

"அவங்கம்மா செத்தப்ப அவனால போக முடியலையாமுங்க. அத ஊருக்கே வெளிச்சம் போட்டுக் காட்டணுமான்னு கேக்கறான்."

அதிலிருந்து அழுகைக் காட்சிக்குப் பிறகு பாதி விளக்குத்தான் போடுவேன். மனதுக்குள் இருபது எண்ணுவேன். முகத்தைத் துடைக்க அவ்வளவு போதும். பிறகு மீதி விளக்கு. நீங்களும் அப்படியே செய்யுங்கள். யாரும் வந்து நன்றி சொல்ல மாட்டார்கள். கத்தவும் மாட்டார்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

மத்தியானக் காட்சி, இந்திப் படம். அந்த வாரம் வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டதால் மூன்றாவது நாள். ஹால் நிறைந்திருந்தது, குடும்பத்தோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தார்கள். பிலோமினா தன் சீட்டில். தியேட்டருக்கு இடது பக்கம், சந்தைத் தாண்டினால் பனியன் வேஸ்ட் குடோன். கம்பெனிகளில் வெட்டி மிஞ்சுகிற துண்டுத் துணியும் பஞ்சும் கூரை முட்ட அடுக்கியிருப்பார்கள். படம் ஓடி முக்கால் மணி நேரம் இருக்கும். பாயிடமிருந்து போன்.

"அண்ணே, வேஸ்ட் குடோன்ல பொகை வருதுங்க. ஷட்டருக்கு அடியில."

என் அறையின் பின் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வெள்ளைப் புகை, சோம்பலாக வந்துகொண்டிருந்தது. துணி வேஸ்ட் எரிகிற விதம் எனக்குத் தெரியும். உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், பிறகு ஒரே நேரத்தில் பிடிக்கும். பத்து நிமிடமோ கால் மணி நேரமோ கிடைக்கலாம். இடது கதவைத் திறந்தால் கூட்டம் நேராக அந்தச் சந்தில்தான் போய் விழும். வலது பக்கம் ஒன்றுதான் வழி.

மைக்கில் சொல்லியிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். பாம்புப் படம் ஓடியபோது எவனோ விளையாட்டுக்குப் 'பாம்பு' என்று கத்த, இரண்டு வரிசை எழுந்து ஓடியது. கதவில் நசுங்கி ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. விளையாட்டுக்கே அப்படி. பாயே வந்து இந்தியில் 'தீ' என்று சொன்னாலும் அதே மாதிரி கதவில்தான் நசுங்குவார்கள். இங்கே இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. நான் மைக்கைப் பிடித்தால் அவர்களுக்குப் போய்ச் சேரப்போவது என் பயம் மட்டும்தான்.

அவர்கள் அவசரமில்லாமல், சிரித்துப் பேசிக்கொண்டு, தாங்களாகவே வலது பக்கம் வெளியே போகிற ஒரே ஒரு சமயம் உண்டு. அது இடைவேளை. ஆனால் அது இன்னும் பதினொரு நிமிடம் தள்ளி இருந்தது.

படத்தின் கதை இது. அண்ணன் தம்பி இருவரும் சின்ன வயதில் பிரிந்துபோகிறார்கள். பிரிவதற்கு முன்னால் அம்மா தன் கொலுசை இரண்டாக அறுத்து ஆளுக்குப் பாதி கையில் கட்டிவிடுகிறாள். பெரியவன் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆகிறான், சின்னவன் திருடன். ஸ்டேஷனில் திருடனுடைய சாமான்களை மேஜையில் கொட்டும்போது பாதிக் கொலுசு உருண்டு வந்து இன்ஸ்பெக்டர் கையருகே நிற்கிறது. அங்கே இடைவேளை. இப்போது திரையில் ஓடிக்கொண்டிருந்தது சந்தைக் காட்சி. திருடன் பழக் கடைகளுக்கு நடுவே போலீசை ஏய்த்து ஓடுகிறான், ஹாலே சிரித்துக்கொண்டிருந்தது.

சிரிப்பின் நடுவே வெட்டினால் பாம்புப் படத்தின் கதைதான். உட்கார்ந்துகொண்டு விசில் அடிப்பார்கள். ஆனால் திருடன் ஓடுகிறான் என்றால் அடுத்து என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஓடுவான், மாட்டுவான், ஸ்டேஷன். எத்தனையோ படத்தில் பார்த்தது. நடுவில் பதினொரு நிமிடம் இல்லாவிட்டாலும் அவர்களே தைத்துக்கொள்வார்கள் என்று நம்பினேன். பாதிக் கதை எப்போதும் பார்க்கிறவர் கையில்தான் இருக்கிறது.

பாயிடம் சொன்னேன். "ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லுங்க பாய். எடது கதவ வெளிய தாழ் போட்டுருங்க. டீ, பப்ஸ் எல்லாத்தையும் கிரவுண்டோட அந்தக் கடைசிக்குக் கொண்டுபோயிருங்க. இன்னைக்கு எல்லாம் சும்மான்னு இந்தியில சத்தம் போடுங்க. சிரிச்ச மொகமா போடுங்க."

"சிரிக்கறதுங்களா?"

"சிரிங்க பாய்."

திருடன் ஒரு சந்துக்குள் திரும்பினான். எதிரே ஜீப் வந்து நின்றது. ஹாலில் சிரிப்பு ஓய்ந்து ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சில் படத்தைத் தள்ளி ஸ்டேஷன் காட்சிக்குக் கொண்டுபோனேன். மேஜை, சாமான்கள், உருண்டு வருகிற கொலுசு, இன்ஸ்பெக்டரின் முகம். இடைவேளைக் கார்டு. பாதி விளக்குத்தான் போட்டேன். மேலே கூரையை ஒட்டி மெல்லிய புகைத் திரை வந்துவிட்டிருந்தது. அதை அவர்கள் பார்க்க வேண்டாம்.

ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கை தட்டினார்கள். எழுந்தார்கள். வெளியே பாய் "சாய், சாய், முஃப்த்" என்று கல்யாண வீட்டில் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சும்மா கிடைக்கிற டீயை விட யாருக்கும் மனது வராது. கைக்குழந்தைக்காரர்கள்கூட எழுந்தார்கள். வலது கதவு வழியாக ஹால் காலியாவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் பின்வரிசையில், இடது ஓரத்தில், ஒரு தலை தெரிந்தது.

இடைவேளைக்கு எழுந்து வராத ஒரே ஆள். அவர் வெளியே போகிற ஒரே கதவைத் தாழ் போடச் சொன்னவன் நான்.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. நான் போனபோது பிலோமினா டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டி, இரண்டு கோலையும் ஊன்றி அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு அடியில் புகை கசிந்துகொண்டிருந்தது.

"இது தொறக்கலியே அண்ணாச்சி. எங்க தீ?"

"குடோன்லீங்க. உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"நீங்கதான். சிரிச்சிட்டே ஓடினவனுக்கு அடுத்த சீன்ல உதட்டுல ரத்தம் காஞ்சு போயிருக்கு. நடுவுல ஒரு அடிதடி இருக்கணும்லா. ஓட்டை தெரியாமலா இத்தன வருசம் செக்கிங்ல இருக்கேன். நீங்க படத்த வெட்டுத ஆளு இல்ல. அப்ப ஏதோ விசயம் இருக்குன்னு கிளம்பிட்டேன்."

"வலது பக்கம்தான் போகணுமுங்க. ஏழு படி. நான் தூக்கிக்கறேன்."

"தூக்குத சீனெல்லாம் வேண்டாம். உங்க வயசுக்கு ரெண்டு பேரும் விழுவோம். படியில கோல மட்டும் புடிங்க."

ஹாலை அவர் குறுக்கே கடக்க ஆன நேரத்தை நான் எப்படிச் சொல்வது? கோல் ஊன்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு இருமல் வந்தது. அவசரப்படுத்த வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்; அவர் போகக்கூடிய வேகம் அதுதான். வலது வாசலில் கோல்களை என்னிடம் கொடுத்துவிட்டு முதல் படியில் உட்கார்ந்தார். கையை ஊன்றி ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே இறங்கினார். ஏழு படி. நான்காவது படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"இந்த ஏழு படிக்குத்தான் இத்தன வருசமா நான் வெளிய வரல," என்றார்.

கிரவுண்டின் அந்தக் கோடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் குடோன் பிடித்தது. கூரைத் தகடு வெடித்துப் பறந்தது. தியேட்டரின் இடது கதவும் பின்வரிசைச் சீட்டுகள் சிலவும் எரிந்தன. அவர் உட்காருகிற சீட்டும் அதில் ஒன்று. ஆளுக்கு ஒன்றும் இல்லை. டீ டம்ளரோடு எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டி வந்து தண்ணீர் அடித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

எல்லாம் அடங்கிய பிறகு ஒரு கும்பல் பாயைச் சூழ்ந்துகொண்டது. ஏதோ கேட்டார்கள். பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார், இந்த முறை நான் சொல்லாமலே.

"அந்தத் திருடன் எப்படி மாட்டினான்னு கேக்கறாங்க. சீன் விட்டுப்போச்சாமா."

தைத்துக்கொண்டவர்களுக்கும் தையல் தெரிந்துதான் இருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் பிலோமினா பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சந்து முனையிலிருந்து யாரோ தள்ளிக்கொண்டு வந்து கொடுத்த ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடி அவர் தமிழில் சொல்ல, பாய் இந்தியில் சொன்னார். "ஜீப்பத் தாண்டி ஓடியிருப்பான். வழியில ஒரு சின்னப் பிள்ள வண்டியில அடிபடப் பாத்திருக்கும். அதக் காப்பாத்த நின்னிருப்பான், மாட்டியிருப்பான். அப்ப வாங்கின அடிதான் உதட்டுல. திருடன்னு காட்டினாச்சு, உள்ள நல்லவன்னு காட்ட ஒரு சீன் வேணும்லா." படத்தில் குழந்தைக்குப் பதில் ஒரு கிழவர். மற்றபடி அப்படியேதான்.

"முடிவு?" என்று கேட்டார்கள்.

"ரெண்டு பேரும் பாதிப் பாதிக் கொலுசச் சேத்து அம்மா கால்ல போட்டு விடுவாவ."

கையில் குழந்தை வைத்திருந்த ஒருவன் திரும்பி என்னைப் பார்த்தான். படம் முழுவதும் பார்த்த ஆள் நான் ஒருவன்தான். அப்படியா என்று கண்ணால் கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன். குழந்தையின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

அவர்கள் போன பிறகு பிலோமினா கேட்டார். "பொய்தான? தம்பி செத்துருவான்லா?"

"அண்ணன் மடியிலதானுங்க."

"தெரியும். அம்புட்டுச் சிரிக்கவன் கடைசி வரைக்கும் இருக்க மாட்டான். இன்னைக்கு வேண்டாம்னு விட்டேன்."

இப்போது உங்கள் அறையில் சிவப்பு அலாரம் பொத்தான் இருக்கிறது, இந்தியில் பேசுகிற பதிவும் இருக்கிறது. தீ என்றால் அதை அழுத்துங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள். எனக்கு நேரம் இருந்தது, அது என் திறமை இல்லை. என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. விளக்கைப் போட்டதும் எத்தனை பேர் எழுந்தார்கள் என்று பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எழாதது யார் என்று பாருங்கள். அவர் ஏன் எழவில்லை என்று முந்தின ஞாயிற்றுக்கிழமையே கேட்டு வைத்திருக்க வேண்டும். நான் இத்தனை வருடம் டீ கொடுத்தனுப்பினேன், கேட்கவில்லை.

முதலாளி தியேட்டரைச் சரி செய்யும்போது வலது பக்கம் ஏழு படிக்குப் பக்கத்திலேயே ஒரு சாய்தளம் கட்டச் சொன்னேன். சண்டை போட வேண்டியிருக்கும் என்று தயாராகப் போனேன். அவர் கேட்டதும் சரி என்றார். இதுவும் முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

திறந்த முதல் ஞாயிறு இடைவேளையில் பிலோமினா அந்தச் சாய்தளத்தில் இறங்கிக் கேண்டீனுக்கு வந்தார். பாய் சூடான பப்ஸ் ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினார். ஒரு கடி கடித்து, மெதுவாக மென்று, எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இதுக்கா எல்லாவனும் அந்த ஓட்டம் ஓடினாவ?"

மணி அடித்தது. கூட்டம் உள்ளே போய் உட்கார்ந்தது. நான் என் அறைக்கு ஏறி ஜன்னலில் நின்றேன். பத்து நிமிடம் முடிந்தது, பன்னிரண்டும் ஆனது. விசில் அடிக்க ஆரம்பித்தார்கள். சீட்டைத் தட்டினார்கள். வலது கதவில் இரண்டு கோல்கள் தெரிந்தன. ஹாலைக் குறுக்கே கடந்து, புதுச் சீட்டில் உட்கார்ந்து, கோல்களைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பி என் ஜன்னலைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் விளக்கை அணைத்தேன்.